ராக்கெட்டும் மென்பொருள் துறையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் எழுதுவது என் தொழில். ராக்கெட்டுகளைப் பின்தொடர்வது பல வருடப் பித்து. அதனால் உடன் வேலை செய்பவர்களும் துறைக்குப் புதிதாக வருபவர்களும் ஒரே மாதிரிக் கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தகவல்கள் பொதுவெளியில் இருப்பவை, தீர்ப்புகள் என்னுடையவை. எந்த ராக்கெட் நிறுவனத்திலும் நான் வேலை பார்த்ததில்லை, எதிலும் பங்கு வைத்திருக்கவும் இல்லை.

முதல் செயற்கைக்கோள் 1957-லேயே போய்விட்டது. இன்னும் ஏன் ராக்கெட் இவ்வளவு கடினம்?

1903-ல் ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடுதான் காரணம். எடையில் எவ்வளவு பங்கை எரித்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அது சொல்கிறது. பூமியைச் சுற்றிவர நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ. வேகம் வேண்டும். ஏறும் வழியில் ஈர்ப்புக்கும் காற்றுக்கும் இழப்பதையும் சேர்த்தால் 9.4 கி.மீ. அளவுக்கு ராக்கெட் தன்னைத் தானே உந்தியாக வேண்டும். ஆனால் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 3 கி.மீ. சொச்சம்தான். இந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். ஒரே அடுக்கில் போவதென்றால் மொத்த எடையில் 95 சதவீதம் எரிபொருளும் ஆக்சிஜனுமாக இருக்க வேண்டும் என்று வரும். மிச்சமுள்ள 5 சதவீதத்துக்குள் தொட்டி, எஞ்சின், கணினி, கம்பி எல்லாம் அடங்க வேண்டும். அதற்கும் பிறகு இடம் இருந்தால்தான் செயற்கைக்கோள். காலியான அடுக்கை வழியிலேயே கழற்றிவிட்டுப் போவது இதனால்தான். அப்படிக் கழற்றினாலும், ஏறத்தாழ 550 டன் எடையோடு கிளம்பும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 தாழ்வான சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்வது, திரும்பி வராமல் முழுவதையும் செலவழித்தாலும், 23 டன்னுக்குள்தான்.

எடை இப்படி இறுக்குவதால் பாதுகாப்புக்கு விடும் இடைவெளியும் சுருங்குகிறது. கட்டடமோ பாலமோ கட்டுபவர்கள், வரக்கூடிய பாரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும்படி கட்டலாம். ராக்கெட்டில் அது 1.25 முதல் 1.4 மடங்கு வரைதான். அதற்குமேல் கனமாக்கினால் அது எழும்பாது.

எஞ்சின் இதைவிடக் கடினம். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5-ன் ஒரு எஃப்-1 எஞ்சின், நொடிக்கு இரண்டரை டன் எரிபொருளையும் ஆக்சிஜனையும் விழுங்கியது. அவற்றைத் தள்ளிக்கொடுத்த பம்ப்பின் சக்தி மட்டும் 55,000 குதிரைத்திறன். எஞ்சினின் ஒரு முனையில் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன், ஓரிரண்டு மீட்டர் தள்ளி 3,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் அறை. ஒரு சிறு உலோகத் துணுக்கு பம்ப்புக்குள் போனால் போதும்.

கணினிகளின் வேகம் சில வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எல்லாத் துறையும் அப்படித்தான் ஓடும் என்று மனசு எதிர்பார்க்கிறது. வேதிப் பிணைப்புக்குள் இருக்கும் ஆற்றல் 1957-ல் எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான்.

100 கி.மீ. உயரம் போய் வருவதும் சுற்றுப்பாதைக்குப் போவதும் ஒன்றா?

இல்லை. ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் போல நேராக மேலே போய்க் கீழே வரும் வாகனத்தின் உச்ச வேகம் நொடிக்கு 1 கி.மீ. அளவில் இருக்கும். சுற்றுப்பாதைக்குத் தேவை கிட்டத்தட்ட 8 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் கூடும் என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் 60 மடங்கு ஆற்றல். செய்தியில் இரண்டையும் "விண்வெளிப் பயணம்" என்றே எழுதுகிறார்கள். படிக்கும்போது இந்த 60-ஐ நினைவில் வையுங்கள்.

ராக்கெட்டைத் திரும்ப இறக்கிப் பயன்படுத்துவது ஸ்பேஸ்எக்ஸ் கண்டுபிடித்ததா?

யோசனை பழையது, அதைச் செய்து காட்டியது அவர்கள்.

நாசாவின் விண்வெளி ஓடம் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. மறுபயன்பாடு என்பதே அதன் உயிர்நாடி. வாரம் ஒருமுறை பறக்கும் என்றுதான் தொடக்கத்தில் பேசினார்கள். அதிகபட்சமாக ஓராண்டில் பறந்தது 1985-ல், 9 முறை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் 24,000-க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எஞ்சின்களைக் கழற்றிப் பரிசோதித்தார்கள். கடலில் விழுந்த திட எரிபொருள் பூஸ்டர்களை மீட்டு ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள். திரும்பி வந்தது உண்மை, மலிவாகவில்லை என்பதும் உண்மை. சேலஞ்சர், கொலம்பியா என்ற இரண்டு ஓடங்களோடு 14 பேரை இழந்தோம்.

செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்குவதையும் 1993-லேயே டிசி-எக்ஸ் என்ற சோதனை வாகனம் செய்து காட்டியது. ஆனால் அது சுற்றுப்பாதைக்குப் போனதல்ல, தாழ்வாக எழும்பி இறங்கியது. பணம் நின்றதும் திட்டமும் நின்றது.

ஃபால்கன் 9 வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. முழு ராக்கெட்டையும் திரும்பக் கொண்டுவர முயலாமல், செலவில் பெரும்பங்கு அடங்கிய, ஆனால் மிக அதிக வேகத்தை எட்டாத முதல் அடுக்கை மட்டும் குறிவைத்தார்கள். முதலில் வாடிக்கையாளரின் செயற்கைக்கோளை மேலே சேர்த்துவிடுவார்கள், அதற்கான பணம் வந்துவிடும். பிறகு கீழே விழப்போகும் முதல் அடுக்கில், அதாவது பூஸ்டரில், சோதனை செய்வார்கள். எப்படியும் கடலுக்குப் போகவேண்டிய பொருள் அது, உடைந்தால் நஷ்டம் கிடையாது. இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. பல முயற்சிகள் கடலிலும் மிதவை மேடையிலும் வெடித்தன. 2015 டிசம்பர் 21 அன்று முதன்முறையாகத் தரையில் நின்றது. 2016 ஏப்ரலில் கடல் மேடையில் நின்றது. 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த பூஸ்டர் ஒன்று மறுபடி பறந்தது. இப்போது ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது.

தரையிறக்கும் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், மென்பொருள்காரர்களுக்குப் பிடிக்கும். இருக்கும் எரிபொருளில் குறித்த புள்ளியில் வேகம் பூஜ்யமாகும்படி ஒரு பாதையை, விழுந்துகொண்டிருக்கும்போதே, நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வழிகளையும் தேடிப் பார்க்க நேரமில்லை. இந்தச் சிக்கலைக் குவிவு உகப்பாக்கம் என்ற கணித வடிவுக்கு மாற்றினால், சிறந்த தீர்வு உறுதியாகவும் விரைவாகவும் கிடைக்கும் என்று காட்டிய ஆய்வு, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் செவ்வாய்க் கிரகத் தரையிறக்கத்துக்காக நடந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான லார்ஸ் பிளாக்மோர் பின்னர் ஸ்பேஸ்எக்ஸில் தரையிறக்கப் பணியை வழிநடத்தினார். வேறொரு கிரகத்துக்காகப் பொதுப்பணத்தில் எழுதிய கணிதம் ஒரு தனியார் பூஸ்டரை மேடையில் நிற்க வைத்தது.

அப்படியானால் ஏவும் விலை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டதா?

இங்கே விலையையும் செலவையும் குழப்பிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுப்பது விலை, நிறுவனத்துக்கு ஆவது செலவு. ஃபால்கன் 9-ன் அறிவிக்கப்பட்ட விலை சுமார் 6.2 கோடி டாலராக இருந்தது. மறுபயன்பாடு வழக்கமாகிவிட்ட 2022-ல் அது 6.7 கோடியாக உயர்ந்தது. சேமிப்பு நடந்தது, ஆனால் பெரும்பகுதி நிறுவனத்திடமே நின்றது. போட்டியாளர் இல்லாத சந்தையில் விலையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. "மறுபயன்பாடு வந்ததும் எல்லோருக்கும் மலிவாகிவிட்டது" என்ற வாக்கியம் நடந்ததோடு பொருந்தவில்லை என்கிறேன்.

செலவு ஏன் குறைந்தது என்பதில்தான் என் முக்கியமான கருத்து இருக்கிறது. ராக்கெட் தொழிலில் உலோகத்தின் விலையும் எரிபொருளின் விலையும் சிறியவை. தொழிற்சாலை, ஏவுதளம், ஆயிரக்கணக்கான தேர்ந்த பணியாளர்களின் சம்பளம் ஆகியவைதான் பெரியவை. அவை ராக்கெட் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருடம் முழுக்க ஓடும். வருடத்துக்கு 5 முறை பறப்பவர் இந்தப் பாரத்தை ஐந்தால் வகுக்கிறார், 100 முறை பறப்பவர் நூறால் வகுக்கிறார். பூஸ்டரைத் திரும்பப் பயன்படுத்தும் ஒருவர் வருடத்துக்கு 5 முறை மட்டுமே பறந்தால் அவருடைய எஞ்சின் தொழிற்சாலை சும்மா கிடக்கும், எஞ்சின் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் ஏறும். ஆக, அடிக்கடி பறக்க வேலை இருந்தால்தான் மறுபயன்பாடு லாபம் தரும்.

அந்த வேலை எங்கிருந்து வந்தது? பெருமளவு அவர்களே உண்டாக்கினார்கள். 2024-ல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் பறந்தன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதே நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களுக்கானவை. அந்த வகையில் ஸ்பேஸ்எக்ஸுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் ஸ்பேஸ்எக்ஸ்தான். மற்ற நாடுகளும் நிறுவனங்களும் தரையிறங்கும் கால்களையும் எஞ்சினையும் நகலெடுக்கப் பார்க்கின்றன. நூறு ஏவுதல்களுக்குத் தேவையான சரக்கை யார் தருவார் என்ற கேள்வியை முதலில் கேட்பவர்கள் குறைவு.

"வேகமாகச் செய், உடையட்டும், கற்றுக்கொள்" என்ற நம் துறையின் வழி ராக்கெட்டுக்கும் பொருந்துமா?

சில இடங்களில் அருமையாகப் பொருந்தும். வேறு சில இடங்களில் ஆளைக் கொல்லும். அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்பதே விஷயம்.

ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1-ன் மூன்றாவது ஏவுதல், 2008 ஆகஸ்ட். முதல் இரண்டும் ஏற்கெனவே தோற்றிருந்தன. இந்த முறை புதிய வகைக் குளிர்விப்பு கொண்ட எஞ்சின். நிறுத்திய பிறகும் குழாய்களில் மிச்சமிருந்த எரிபொருளால் அதில் சிறிது நேரம் மெல்லிய உந்துவிசை நீடித்தது. தரையில் சோதித்தபோது சுற்றியிருந்த காற்றழுத்தம் அதைவிட அதிகம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. வெற்றிடத்தில் அந்த மெல்லிய உந்துதலே போதுமானதாக இருந்தது. கழன்ற முதல் அடுக்கு முன்னேறிப் போய் இரண்டாம் அடுக்கின் பின்புறத்தில் மோதியது. தீர்வு என்ன தெரியுமா? எஞ்சினை நிறுத்துவதற்கும் அடுக்குகளைப் பிரிப்பதற்கும் இடையிலான காத்திருப்பைக் கூட்டினார்கள். எட்டு வாரத்துக்குள், செப்டம்பர் 28 அன்று, நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை அடைந்தது. எத்தனை கூட்டம் போட்டிருந்தாலும் காகிதத்தில் பிடித்திருக்க முடியாத பிழை அது என்றுதான் நினைக்கிறேன். பறந்தால்தான் தெரியும்.

இது நடக்க மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அடுத்த ராக்கெட் ஏற்கெனவே பாதி தயாராக இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று சொல்லும் அளவீடுகள் வெடிப்புக்கு முந்தைய கணம்வரை வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் விபத்து. ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப் 2023 ஏப்ரலில் முதன்முறை கிளம்பியபோது ஏவுதளத்தின் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தூரத்துக்கு வீசியது. அதே திட்டம் 2024 அக்டோபரில் 33 எஞ்சின் கொண்ட பூஸ்டரைக் கோபுரத்தின் கைகளால் அந்தரத்தில் பிடித்தது. இரண்டாவதைக் கொண்டாடும்போது முதலாவதையும் மறக்கக் கூடாது. எஞ்சின்களைப் பொறுத்தவரை பறந்து பார்த்துத்தான் கற்றார்கள் என்றால் ஏற்றுக்கொள்வேன். அந்த உந்துவிசைக்குக் கீழே கான்கிரீட் தாங்காது என்பது பறக்காமலே கணக்குப் போடக்கூடிய விஷயம்.

சேலஞ்சரில் நடந்தது இதற்கு நேர் எதிர். பூஸ்டர் மூட்டுகளில் இருந்த ரப்பர் வளையங்கள் கருகியதை முந்தைய பயணங்களிலேயே பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. அதனால் கருகுவது வழக்கமான ஒன்றாகிவிட்டது. 1986 ஜனவரியில் கடுங்குளிர். வேண்டாம் என்று வளையங்களைப் பற்றி அறிந்த பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடினார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்ற வாக்கியத்தை நம் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வளையங்கள்தான் ஞாபகம் வரும்.

ராக்கெட் விபத்துகளில் மென்பொருள் எவ்வளவு பொறுப்பு?

நினைப்பதைவிட அதிகம். 1996 ஜூன் 4 அன்று நடந்த, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் ஏவுதலை நிரல் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். திசையறியும் கருவியின் நிரலை நன்றாக ஓடிய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் பக்கவாட்டில் இன்னும் வேகமாகப் போகும். ஒரு 64-பிட் எண்ணை 16-பிட் இடத்துக்குள் மாற்றும் வரி அந்த வேகத்தைத் தாங்கவில்லை, எண் நிரம்பி வழிந்தது, கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கருவியும் நின்றது, ஏனெனில் அதிலும் அதே நிரல். கருவி வெளியிட்ட பிழைச் செய்தியைப் பறப்புத் தரவென்று எண்ணிய முதன்மைக் கணினி, எஞ்சின் முனைகளைத் திருப்பியது. புறப்பட்டு 40 நொடிக்குள் எல்லாம் முடிந்தது. உள்ளே இருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

நெஞ்சை அறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. பிழை வந்த அந்தப் பகுதி, ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய பின் ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்ததால் ஓடவிட்டிருந்தார்கள்.

விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்லக் கட்டிய போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் 2019 டிசம்பரில் ஆளில்லாமல் பறந்தபோது அதன் கடிகாரம் 11 மணி நேரம் தவறாக இருந்தது. ராக்கெட்டிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் தருணத்தைத் தவறாக வைத்திருந்தார்கள். கலம் தன் எரிபொருளை வீணாக்கியது, விண்வெளி நிலையத்துக்குப் போக முடியவில்லை. பகுதி பகுதியாகச் சோதித்தபோது எல்லாம் தேறியிருந்தது. புறப்பாடு முதல் இணைப்புவரை ஒரே ஓட்டமாக ஓட்டிப் பார்த்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். தனித்தனியாகத் தேறிய இரண்டு பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்து விழுவதை என் வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் அப்படி ஒரு முழு இரவு சேவை நின்றது. காலையில் நடந்த கூட்டத்தில் முதல் கேள்வி "யார் செய்தது?" என்பதாக இருந்தது. எப்படி நடக்க முடிந்தது என்ற கேள்வி வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே பிழை வேறோர் இடத்தில் வந்தது. ஏரியன் விசாரணை அறிக்கை ஒரு நிரலாளரின் பெயரைக்கூடச் சொல்லாமல், அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று மட்டும் விளக்குவதைப் பிறகு படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது.

தனியார் நிறுவனங்கள் அரசு அமைப்புகளைத் தோற்கடித்துவிட்டன என்பது சரியா?

அரைகுறை உண்மை. 2006-ல் நாசா விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலையைப் புதிய முறையில் ஒப்படைத்தது. ஆன செலவையும் மேலே லாபத்தையும் கொடுக்கும் பழைய ஒப்பந்தமாக இல்லாமல், குறித்த மைல்கல்லை எட்டினால் குறித்த தொகை என்று வைத்தார்கள். முதலில் தேர்வான இரண்டு நிறுவனங்களில் ஒன்று வெளியிலிருந்து பணம் திரட்ட முடியாததால் 2007-ல் வெளியேற்றப்பட்டது. மற்றொன்று ஸ்பேஸ்எக்ஸ். 2008 கடைசியில் அதன் கையில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தம் வந்திராவிட்டால் இன்று நாம் அந்தப் பெயரைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபால்கன் 9-ன் முதல் வடிவத்தை உருவாக்கச் சுமார் 30 கோடி டாலர் ஆனது. நாசா தன் வழக்கமான கணிப்பு முறையில் போட்டுப் பார்த்தபோது அதே வேலைக்கு 400 கோடிக்கு அருகில் வந்தது. பழைய முறையில் நாசா கட்டிய எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரையன் கலமும் ஒருமுறை பறக்க 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே கணித்தார். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தேசப் பெருமையால் மூட முடியாது.

அரசு பொறுமையாகப் பணம் போட்டு, அடிப்படை ஆய்வைத் தந்து, "எப்படிச் செய்வது" என்பதில் தலையிடாமல் "என்ன வேண்டும்" என்பதை மட்டும் சொன்ன இடங்களில் நல்லது நடந்தது என்பது என் வாசிப்பு. ஆனால் அந்த ஒப்பந்த முறை மட்டும் மந்திரமாகிவிடாது. 2014-ல் மனிதர்களை ஏற்றிச்செல்லும் கலத்துக்கு அதே நிலையான விலை முறையில் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர் கிடைத்தது. அதிகம் பெற்ற போயிங்கின் ஸ்டார்லைனர் 2024-ல் இரண்டு வீரர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறுமையாகத் திரும்பியது.

சின்ன ராக்கெட் நிறுவனங்கள் ஏன் அடுத்தடுத்து மூடப்படுகின்றன?

சின்ன ராக்கெட் சின்ன விலையில் கிடைக்காது என்பதால். ஏவுதளம், பாதுகாப்புக் குழு, வழிகாட்டும் கணினி, அனுமதிகள் எல்லாமே ராக்கெட் சிறுத்தாலும் அதே அளவில் சிறுக்காது. ராக்கெட் லேப் நிறுவனத்தின், 300 கிலோ கொண்டுபோகும் எலக்ட்ரான் ராக்கெட்டின் விலை 70 லட்சம் டாலருக்கு மேல். ஸ்பேஸ்எக்ஸ் 2019-ல் பெரிய ராக்கெட்டில் பலரும் பகிர்ந்துகொள்ளும் இடத்துக்கு, 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. 2021 ஜனவரியில் அப்படி ஒரே ஏவுதலில் 143 செயற்கைக்கோள்கள் போயின. சின்ன ராக்கெட்காரர்கள் விற்க முடிந்தது "உங்கள் நேரத்துக்கு, உங்கள் பாதையில்" என்ற வசதியை மட்டும்தான். அதற்குக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஐம்பது நிறுவனங்களை வாழவைக்கும் அளவுக்கு இல்லை. நியூசிலாந்தில் தொடங்கிய ராக்கெட் லேப் தாக்குப்பிடித்ததற்கு, எலக்ட்ரானோடு நிற்காமல் செயற்கைக்கோள்களையும் பாகங்களையும் செய்து விற்றது ஒரு பெரிய காரணம்.

வர்ஜின் ஆர்பிட் விமானத்திலிருந்து ராக்கெட்டை வீசியது. 6 முயற்சியில் 4 வெற்றி, மோசமில்லை. 2023 ஜனவரியில் ஒரு எரிபொருள் வடிகட்டி இடம் பெயர்ந்ததால் தோற்றது, ஏப்ரலில் திவால் மனு போட்டது. வெற்றிகளுக்கு நடுவிலேயே பணம் வற்றிக்கொண்டிருந்தது.

இது முதல் அலையும் அல்ல. 1990-களில் இரிடியம் 66 செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்கத் தொலைபேசி தருவதாகச் சொன்னது. நூற்றுக்கணக்கில் செயற்கைக்கோள் போகப்போகிறது என்று நம்பிப் புதிய ராக்கெட் திட்டங்கள் கிளம்பின. இதற்குள் தரையில் கைப்பேசிக் கோபுரங்கள் வேகமாகப் பரவிவிட்டன. 1999-ல் இரிடியம் திவாலானது, அதை நம்பியிருந்த ராக்கெட் கனவுகளும் கூடவே கரைந்தன. பெரிய கடனைக் கழித்துவிட்டுப் புதிய கைகளுக்குப் போன இரிடியம் இன்றும் நன்றாக ஓடுகிறது என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. தொழில்நுட்பம் சரியாகவே இருந்தது. முதலில் பணம் போட்டவர்கள்தான் இழந்தார்கள்.

புதிய ராக்கெட்டுகள் எல்லாம் மீத்தேனுக்கு மாறுவது ஏன்?

மண்ணெண்ணெய் எரியும்போது கரி படியும், எஞ்சினைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவருக்கு அது தலைவலி. ஹைட்ரஜன் சுத்தமாக எரியும், ஆனால் மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும், அடர்த்தி குறைவென்பதால் பெரிய தொட்டி வேண்டும், சிறு இடைவெளியிலும் கசியும். மீத்தேன் நடுவில் நிற்கிறது. கரி மிகக் குறைவு, கொதிநிலை மைனஸ் 162 என்பதால் திரவ ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் வைக்கலாம். மீத்தேன் ராக்கெட்டை முதலில் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனது சீன நிறுவனமான லேண்ட்ஸ்பேஸ், 2023 ஜூலையில் ஜூச்சுவே-2 வழியாக. பெரிய பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கவில்லை.

ஏவுதளம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பது அவ்வளவு முக்கியமா?

கிழக்கு நோக்கி ஏவினால், ஆமாம். அங்கே பூமியின் சுழற்சி நொடிக்கு 465 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. வடக்கு தெற்காகத் துருவங்களைக் கடந்து போகும் பாதைக்கு அந்த லாபம் கிடையாது, அங்கே எதற்கு மேலே பறக்கிறோம் என்பதுதான் கணக்கு. கீழே மக்கள் வாழும் நிலம் இருந்தால் ராக்கெட் வளைந்து போக வேண்டும், வளைவுக்குச் சரக்கில் கிலோ கணக்கில் விலை உண்டு.

செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களை விண்வெளியில் வைக்கப்போவதாகச் சொல்கிறார்களே?

விண்வெளி குளிர்ச்சி, சூரிய ஒளி இலவசம் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது சரி. முதலாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெற்றிடத்தில் வெப்பத்தைத் தூக்கிச்செல்லக் காற்றும் கிடையாது, நீரும் கிடையாது. கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். 27 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு மிகச் சிறந்த நிலையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 460 வாட் வெளியேற்றும், இரண்டு பக்கமும் சேர்த்து 920. ஒரு மெகாவாட்டுக்கே 1,000 சதுர மீட்டருக்கு மேல் தகடு வேண்டும். பெரிய டேட்டா சென்டர் ஒன்றுக்கு 100 மெகாவாட் என்று வைத்தால் ஒரு லட்சம் சதுர மீட்டரைத் தாண்டுகிறது. தகட்டை இன்னும் சூடாக ஓட்டினால் பரப்பு குறையும், ஆனால் சிப்புகள் அதைத் தாங்க வேண்டும்.

இயற்பியல் இதைத் தடுக்கவில்லை. ஏவும் விலை வெகுவாகக் குறைந்தால் கணக்கு மாறலாம். என் தயக்கம் வேறு: சில வருடத்தில் பழசாகும் சிப்புகளை, பழுதானால் கையால் கழற்ற முடியாத இடத்தில் வைப்பது. திட்டத்தை விளக்குபவரிடம் வெப்பத் தகட்டின் பரப்பையும் பழுதுபார்க்கும் வழியையும் கேளுங்கள். இரண்டுக்கும் எண்ணோடு பதில் வந்தால் மேலே பேசலாம்.

இத்தனை செயற்கைக்கோள்கள் ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதைச் சிறிதாக்கிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. 2009 பிப்ரவரியில் ஓர் இரிடியம் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் மோதிச் சிதறின. 2007-ல் சீனா தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்ததில் கண்காணிக்கக்கூடிய துண்டுகளே 3,000-க்கும் மேல் உண்டாயின. ஸ்டார்லிங்க் 550 கி.மீ. அளவிலான உயரத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அங்கே செயலிழந்தால் காற்றின் இழுவையே சில வருடத்தில் கீழே கொண்டுவந்துவிடும். 2022 பிப்ரவரியில் சூரியப் புயலால் காற்றுமண்டலம் உப்பி, புதிதாக ஏவிய 49-ல் 40 வரை எரிந்துபோனதும் அதே இழுவையால்தான். 1,000 கி.மீ.க்கு மேலே வைப்பவர்களுக்கு இந்தத் துப்புரவு கிடைக்காது, அங்கே குப்பை நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும். வானியலாளர்களின் படங்களில் விழும் கோடுகளுக்குக் கறுப்புப் பூச்சும் நிழல் தகடும் ஓரளவுதான் உதவியிருக்கின்றன. வானம் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறை கிடையாது. அங்கே எத்தனை வைக்கலாம் என்பதை முதலில் போனவர் தீர்மானிக்கும் இப்போதைய நிலை எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத் தலைவரின் பேச்சு பிடிக்காவிட்டால் அந்த ராக்கெட்டைப் பாராட்டலாமா?

பாராட்டலாம், கட்டியவர்களைப் பாராட்டலாம். ஃபால்கன் ராக்கெட்டுகளின் மெர்லின் எஞ்சினுக்குப் பின்னால் டாம் முல்லர் என்ற பொறியாளர் இருந்தார். 2002 முதல் வாடிக்கையாளர்களையும் ஒப்பந்தங்களையும் தேடிக் கொண்டுவந்தவர் க்வின் ஷாட்வெல். இவர்களுக்குக் கீழே, பெயர் வெளியே வராத வெல்டர்களும் சோதனைப் பொறியாளர்களும் ஆயிரக்கணக்கில். ஒரே ஒருவரின் மேதைமை என்று கதை சொல்வது நம் துறையின் பழைய வியாதி. பிடித்தவர்கள் அவரைக் கும்பிடுகிறார்கள், பிடிக்காதவர்கள் ராக்கெட்டையே மறுக்கிறார்கள்.

புதிய ராக்கெட் நிறுவனம் ஒன்றின் அறிவிப்பு வந்தால் எதைப் பார்ப்பீர்கள்?

கணினியில் வரைந்த படத்தைத் தாண்டிப் போய்விடுவேன். எஞ்சின் சோதனை மேடையில் முழு நேரமும், பறக்கும்போது எரிய வேண்டிய அத்தனை நொடியும், எரிந்ததா? முழு அடுக்கையும் கட்டிப்போட்டு எரித்துப் பார்த்தார்களா? காசு கொடுக்கும் வாடிக்கையாளர் யார், அவர் முன்பணம் கட்டினாரா? முதல் ஏவுதல் தோற்றால் என்ன சொல்கிறார்கள்? "நிறையத் தரவு கிடைத்தது" என்று மட்டும் சொன்னால் எனக்கு நம்பிக்கை குறையும். எந்தப் பாகம், எந்த நொடியில், எதனால் என்று சொன்னால் கூடும்.

அதைவிட, இரண்டாவது ஏவுதலின் தேதியைக் குறித்துவைப்பேன். ப்ளூ ஆரிஜினின் நியூ க்ளென் 2025 ஜனவரியில் முதல் முயற்சியிலேயே சுற்றுப்பாதையை அடைந்தது, பூஸ்டர் தொலைந்தது. பத்து மாதம் கழித்து, நவம்பரில், இரண்டாவது முறை பறந்து பூஸ்டரைக் கடல் மேடையில் நிறுத்தியது. இரண்டாவதுக்கு அடுத்து நான் எண்ணுவது நாட்களை: இறங்கிய பூஸ்டர் மேடையிலிருந்து தொழிற்சாலைக்குப் போய், மறுபடி ஏவுதளத்தில் நிமிர்ந்து நிற்க எத்தனை நாள் ஆகிறது, அந்த இடைவெளியில் அதன் எத்தனை எஞ்சின்களை மாற்ற வேண்டியிருந்தது என்று.